ஒரே பக்கத்தில் பல ஏபிஐ கால்கள்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஒரு பக்கத்தில் ஒரே ஒரு ஏபிஐ கால் (சர்வரிடம் தரவு கேட்கும் அழைப்பு) இருக்கும்வரை பெரிய சிக்கல் எதுவும் வராது. கேட்டோம், வந்தது, காட்டினோம், அவ்வளவுதான். அதே பக்கத்தில் ஐந்தாறு கால்கள் சேர்ந்து ஓடத் தொடங்கும்போதுதான் விசித்திரமான பிழைகள் முளைக்கின்றன. நம் மெஷினில் வராத பிழை பயனரிடம் வருகிறது. பத்து முறை சரியாக ஓடியது பதினோராவது முறை சொதப்புகிறது. இப்படி வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: எந்த விடை எப்போது வந்து சேரும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் நிரலோ, நாம் கேட்ட வரிசையில்தான் விடையும் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிழை எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் இந்த இரண்டு வேலைகளையும் செய்துவிடுங்கள்.

முதலில் ப்ரவுசரின் டெவ் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். நிரலை இப்போதைக்குத் தொட வேண்டாம். எத்தனை கால்கள் போயின, ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, இந்த மூன்றை மட்டும் பாருங்கள். வலப்பக்கம் வாட்டர்ஃபால் என்ற பத்தியில் ஒவ்வொரு காலும் ஒரு பட்டையாகத் தெரியும். பட்டைகள் ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கிப் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றனவா, எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் தொடங்குகின்றனவா என்று கவனியுங்கள். பாதிப் பிழை இந்தப் படத்திலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்தது, கால்களின் வரிசையைக் குலைத்துப் பார்ப்பது. நெட்வொர்க் வேகத்தைக் குறைக்கும் வசதி அதே டேபில் இருக்கிறது. ஆனால் அது எல்லாக் கால்களையும் ஒன்றுபோலவே மெதுவாக்கும், அதனால் வரிசை பெரும்பாலும் மாறாது. வரிசைப் பிழையைக் கிளப்ப வேண்டுமென்றால், நீங்கள் ஃபெட்ச் (ஜாவாஸ்கிரிப்டில் காலை அனுப்பும் ஃபங்ஷன்) செய்யும் பொதுவான ஃபங்ஷனில், டெவலப்மென்ட் சூழலில் மட்டும், 0 முதல் 3 விநாடி வரை ரேண்டமாக ஒரு தாமதத்தைச் சேருங்கள். இரண்டு மூன்று வரிதான். மாதக்கணக்கில் எப்போதாவது வந்து போன பிழை, இதைச் சேர்த்ததும் இரண்டு நிமிடத்தில் கண்முன் வந்து நிற்கும். எந்தப் புராஜெக்டில் சேர்ந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

அறிகுறி: ஒவ்வொரு காலும் வேகமாகத்தான் இருக்கிறது, பக்கம் மட்டும் மெதுவாகத் திறக்கிறது

வாட்டர்ஃபாலில் படிக்கட்டு தெரியும். பயனர் விவரம் 400 மில்லி விநாடி, அறிவிப்புகள் 300, ஆர்டர் பட்டியல் 500. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மோசமில்லை. ஆனால் மூன்றுக்கும் அடுத்தடுத்த வரிகளில் அவெயிட் (விடை வரும்வரை இங்கேயே காத்திரு என்ற கட்டளை) போட்டிருந்தால் மொத்தம் 1200 ஆகிவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கால்களாக இருந்தால் மூன்றையும் ஒன்றாகக் கிளப்பி, பிராமிஸ்.ஆல் (பிராமிஸ் என்பது இனி வரப்போகும் விடைக்கான உறுதிமொழி) வைத்துக் காத்திருங்கள். அப்போது மொத்த நேரம் மூன்றில் எது நீளமோ அதுதான், சுமார் 500. விடைகள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும், பிராமிஸ்.ஆல் தரும் பட்டியல் நாம் கொடுத்த வரிசையில்தான் இருக்கும். அந்தக் கவலை வேண்டாம்.

சிலர் இதையே வேறு மாதிரி செய்வார்கள். மூன்று ஃபெட்ச்களையும் முதலில் தொடங்கி மாறிகளில் வைத்துக்கொண்டு, அப்புறம் ஒவ்வொன்றாக அவெயிட் செய்வார்கள். வேகம் கிடைக்கும், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. முதலாவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டாவது தோற்றுப்போனால், அதைப் பிடிக்க அந்த நொடியில் ஆளில்லை. பிடிக்கப்படாத ரிஜெக்‌ஷன் என்று கன்சோலில் சிவப்பு வரி வரும். எரரைப் பிடிக்கும் ட்ரை கேட்ச் சுற்றிலும் இருந்தும் இப்படி ஏன் வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். பிராமிஸ்.ஆல் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சில நேரம் படிக்கட்டு நிரல் வரிகளில் இருக்காது, காம்பொனென்ட் (திரையின் ஒரு துண்டை வரையும் நிரல்) அடுக்கில் இருக்கும். தாய் காம்பொனென்ட் தன் தரவு வரும்வரை லோடிங் காட்டுகிறது, தரவு வந்த பிறகே பிள்ளை காம்பொனென்டை வரைகிறது, பிள்ளை அப்போதுதான் தன் காலைத் தொடங்குகிறது. இங்கே அவெயிட்களை எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படாது. பிள்ளைக்குத் தேவையான கால், தாயின் விடையை நிஜமாகவே நம்பியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டையும் மேலேயே ஒன்றாகத் தொடங்கிவிடலாம். நம்பியிருக்கிறது என்றால், உதாரணமாக முதல் விடையில் வரும் ஐடியை வைத்துத்தான் இரண்டாவதைக் கேட்க முடியும் என்றால், ஃபிரண்ட் எண்டில் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. இரண்டையும் சேர்த்துத் தரும் ஒரு ஏபிஐயைப் பேக் எண்ட் ஆட்களிடம் கேட்டுவிடுவதே நல்லது.

அறிகுறி: திரையில் பழைய விடை வந்து உட்கார்ந்துகொள்கிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நான் வேலை செய்த ஒரு தேடல் பக்கத்தில் நடந்தது. பெட்டியில் எழுத்து விழ விழ ஏபிஐயைக் கேட்டு, கீழே பட்டியல் காட்டும். பெட்டியில் 'கணினி' என்று இருக்கிறது, கீழே பட்டியலிலோ கடிகாரமும் கத்தரிக்கோலும் வந்து நிற்கின்றன என்று புகார் வந்தது. எங்களிடம் வரவே இல்லை. பயனரின் கணினியில் நெட்வொர்க் பதிவை எடுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 'க' என்ற தேடல் 0 மில்லி விநாடியில் போய் 1400-இல் திரும்பியிருக்கிறது. 'கணி' 250-இல் போய் 700-இல் திரும்பியிருக்கிறது. 'கணினி' 500-இல் போய் 680-இல் வந்துவிட்டது. கடைசியாகக் கேட்ட கேள்விக்கு முதலில் விடை வந்தது, முதலில் கேட்டதற்குக் கடைசியில் வந்தது. நிரல் எந்த விடை வந்தாலும் அப்படியே ஸ்டேட்டில் (திரை காட்டும் நடப்புத் தரவில்) எழுதியதால், 1400-இல் வந்த 'க' எல்லாவற்றையும் மூடிவிட்டது.

இதை அபூர்வமான தற்செயல் என்று நினைக்காதீர்கள். சுருக்கமான தேடல் சொல்லுக்குப் பொருந்தும் பதிவுகள் அதிகம், அதனால் டேட்டாபேஸுக்கும் வேலை அதிகம், திரும்பி வரும் தரவும் கனம். அதாவது முதலில் போகும் கால்தான் இயல்பாகவே மெதுவானது. தேடல் பெட்டியில் இந்தப் பிழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பலரும் உடனே கையிலெடுப்பது டிபவுன்ஸ். தட்டச்சு நின்று 300 மில்லி விநாடி ஆன பிறகு கேட்பது. அது நல்ல பழக்கம், கால்களின் எண்ணிக்கை குறையும். ஆனால் பிழை போகாது. பயனர் அரை விநாடி நிறுத்திவிட்டு மறுபடி தட்டினால் இரண்டு கால்கள் போகத்தான் போகின்றன, முதலாவது தாமதமானால் அதே கதைதான். டிபவுன்ஸ் போட்டதும் பிழை அரிதாகிவிடுகிறது, தீர்ந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுகிறோம். அது இன்னும் ஆபத்து.

சரியான தீர்வு, ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் கொடுப்பது. நிரலைத் தமிழிலேயே எழுதிக்காட்டுகிறேன்:

நடப்பு எண் = 0

தேடு(சொல்):
– நடப்பு எண்ணில் ஒன்று கூட்டு
– என் எண் = நடப்பு எண்
– விடை = அவெயிட் ஃபெட்ச்(சொல்)
– தரவு = அவெயிட் விடை.ஜேசான்()
– என் எண்ணும் நடப்பு எண்ணும் வேறாக இருந்தால் இங்கேயே திரும்பிவிடு
– திரையில் காட்டு(தரவு)

நான்கைந்து வரிதான். ஆனால் அந்தச் சோதனை எந்த இடத்தில் நிற்கிறது என்பது முக்கியம். ஃபெட்சுக்கும் ஜேசானுக்கும் (வந்த விடையைத் தரவாகப் படிக்கும் வரிக்கும்) நடுவில் வைத்தால் போதாது. ஜேசானைப் படிப்பதும் ஓர் அவெயிட்தான், பெரிய விடையாக இருந்தால் அதற்குள்ளும் நேரம் போகும், அந்த இடைவெளியில் புதிய தேடல் தொடங்கிவிடலாம். கடைசி அவெயிட்டுக்குப் பிறகு, திரையைத் தொடுவதற்குச் சற்று முன், அங்கேதான் சோதனை நிற்க வேண்டும்.

இன்னொரு வழி, பழைய காலை நிறுத்திவிடுவது. அபார்ட் கன்ட்ரோலர் ஒன்றை உருவாக்கி, அதன் சிக்னலை ஃபெட்சுக்குக் கொடுத்துவிட்டு, புதிய தேடல் தொடங்கும்போது பழைய கன்ட்ரோலரில் அபார்ட் என்று அழைத்தால் போதும். வீணாக வரும் தரவும் மிச்சம். ஆனால் அபார்ட் செய்ததும் அந்தப் பழைய ஃபெட்ச், அபார்ட் எரர் என்ற பெயருள்ள எரருடன் தோற்கும். அதைக் கேட்சில் அடையாளம் கண்டு பேசாமல் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் பயனர் ஒவ்வோர் எழுத்துத் தட்டும்போதும் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று சிவப்புப் பட்டை வந்து போகும்.

இதிலேயே இன்னும் நுணுக்கமான ஒன்று. பலர் ஃபைனலி (வென்றாலும் தோற்றாலும் கடைசியில் ஓடும்) பகுதியில் லோடிங்கை அணைப்பார்கள். புதிய தேடல் தொடங்கி லோடிங்கை ஏற்றுகிறது, பழையது அபார்ட் ஆகிறது, பழையதன் ஃபைனலி ஓடி லோடிங்கை அணைத்துவிடுகிறது. புதிய விடை இன்னும் வரவே இல்லை, ஆனால் திரை 'முடிவுகள் எதுவும் இல்லை' என்கிறது. ஃபைனலிக்குள்ளும் அதே எண் சோதனை வேண்டும். அதனால்தான் அபார்ட் மட்டும் போதும் என்று நான் சொல்வதில்லை. எண்ணைக் கட்டாயம் வையுங்கள், அபார்ட்டைக் கூடுதலாக வையுங்கள்.

ரியாக்ட் லைப்ரரியில் எழுதுபவர்களுக்கு: யூஸ் எஃபெக்ட் திருப்பித் தரும் க்ளீனப் ஃபங்ஷன்தான் இதற்கான இடம். தேடல் சொல் மாறினாலும், காம்பொனென்ட் திரையிலிருந்து போனாலும் அது ஓடும், அபார்ட்டை அங்கே வையுங்கள். எஃபெக்டுக்கு உள்ளேயே ஒரு 'இது பழசு' கொடியை (உண்மை, பொய் என்று மாறும் மாறியை) வைத்துக்கொண்டு, க்ளீனப்பில் அதை ஏற்றிவிடுவது எண்ணின் வேலையையே செய்யும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கான பக்கம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஒலிபெயர்ப்பு முறைக் கீபோர்டுகள் சிலவற்றில் ஒரு சொல் உருவாகி முடிவதற்குள் அரைகுறை வடிவங்கள் பெட்டியில் வந்து போகும். அவை ஒவ்வொன்றுக்கும் இன்புட் ஈவென்ட் கிளம்பும், ஒவ்வொன்றும் ஒரு தேடலாகிவிடும். ஈவென்டில் ஈஸ் கம்போஸிங் என்ற பண்பு உண்மையாக இருந்தால் தேடாமல் விட்டுவிட்டு, கம்போஸிஷன் எண்ட் வந்ததும் தேடினால் போதும்.

அறிகுறி: ஒன்று தோற்றால் பக்கம் முழுவதும் காலி

டாஷ்போர்டில் ஆறு பகுதிகள். வானிலை காட்டும் சின்னப் பெட்டிக்கான கால் தோற்கிறது, கூடவே மற்ற ஐந்தும் காணாமல் போகின்றன. காரணம் பிராமிஸ்.ஆல். அதில் ஒன்று தோற்ற கணமே மொத்தமும் தோற்றதாகிவிடும். மற்ற கால்கள் நின்றுவிடுவதில்லை, அவை பாட்டுக்கு ஓடி முடிகின்றன, அவற்றின் விடையை வாங்கத்தான் ஆளில்லை.

இங்கே பிராமிஸ்.ஆல்செட்டில்ட் வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பில் வந்தது, இன்றைய ப்ரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எல்லாம் முடியும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றுக்கும் நிறைவேறியதா தோற்றதா என்ற நிலையுடன் பட்டியல் தரும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் மாற்றிவிடாதீர்கள். ஆல்செட்டில்ட் ஒருபோதும் தோற்காது. அதனால் கேட்ச் ஓடாது, எரர் பதிவாகாது, தோற்ற கால்கள் சத்தமில்லாமல் மறைந்துபோகும். தோற்றவற்றை நீங்களே எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம், எது இல்லாமல் பக்கம் நடக்கும், எது இல்லாமல் நடக்காது என்று பிரிக்க வேண்டும். பணம் செலுத்தும் பக்கத்தில் கூடையும் முகவரியும் இல்லாமல் எதையும் காட்டக் கூடாது, அவை பிராமிஸ்.ஆலில் இருக்கட்டும். பரிந்துரைப் பட்டியல் இல்லாவிட்டால் யாரும் கவலைப்படப் போவதில்லை, அதைத் தனியாக விடுங்கள்.

அறிகுறி: சர்வர் 500 என்ற எரர் எண்ணைத் தருகிறது, ஆனால் கேட்ச் ஓடவே இல்லை

ஃபெட்சைப் பொறுத்தவரை 404-உம் 500-உம் தோல்வி இல்லை. சர்வரிடமிருந்து ஏதோ ஒரு விடை வந்துவிட்டால் அதற்கு வேலை முடிந்தது. இணைப்பு அறுந்தாலோ, கார்ஸ் (வேறு தளத்தின் விடையைப் படிக்க ப்ரவுசர் வைக்கும் அனுமதி விதி) தடுத்தாலோ, நாமே அபார்ட் செய்தாலோதான் அது தோற்கும். ஆகவே ரெஸ்பான்ஸின் ஓகே பண்பைப் பார்த்து, அது பொய்யாக இருந்தால் நாமே எரரை எறிய வேண்டும். 200 முதல் 299 வரையிலான ஸ்டேட்டஸுக்கு மட்டும்தான் ஓகே உண்மை.

இதை விட்டுவிட்டால் எரர் வேறெங்கோ வேறு வேஷத்தில் வரும். சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல் எரர் பக்கத்தை ஜேசானாகப் படிக்கப் போய், முதல் எழுத்திலேயே கோண அடைப்புக்குறியைப் பார்த்து, படிக்கும் நிரல் குழம்பி எரர் எறியும். கன்சோலில் அப்படி ஓர் எரரைக் கண்டால் ஜேசானைச் சோதிக்காதீர்கள், ஸ்டேட்டஸைப் பாருங்கள்.

ஓகே சோதனை இருந்தும் கேட்ச் ஓடவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ட்ரைக்குள் அவெயிட் இல்லாமல் பிராமிஸை அப்படியே ரிட்டர்ன் செய்திருந்தால், தோல்வி வரும் நேரத்தில் அந்த ட்ரை முடிந்து போயிருக்கும். ரிட்டர்ன் அவெயிட் என்று எழுதினால் சரியாகும். இன்னொன்று ஃபார்ஈச். அதற்குள் அசிங்க் ஃபங்ஷனை (உள்ளே அவெயிட் வரும் ஃபங்ஷனை) கொடுத்தால் ஃபார்ஈச் யாருக்காகவும் காத்திருக்காது, திரும்பி வரும் பிராமிஸ்களைத் தூக்கி எறிந்துவிடும். வெளியே இருக்கும் ட்ரை கேட்சுக்கு எதுவும் தெரியாது, 'எல்லாம் முடிந்தது' என்ற அடுத்த வரி எதுவும் முடியாமலேயே ஓடும். ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டுமென்றால் ஃபார் ஆஃப் சுற்று, ஒன்றாக ஓட வேண்டுமென்றால் மேப் செய்து (ஒவ்வொன்றையும் ஒரு பிராமிஸாக மாற்றி) பிராமிஸ்.ஆல்.

அறிகுறி: லோடிங் சீக்கிரமே நின்றுவிடுகிறது, அல்லது நிற்பதே இல்லை

பக்கத்துக்கு மொத்தமாக ஒரே ஒரு லோடிங் கொடி இருந்தால், முதலில் முடியும் கால் அதை அணைத்துவிடும். எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள்: தொடங்கும்போது ஒன்று கூட்டு, ஃபைனலியில் ஒன்று கழி, பூஜ்யம் ஆனால்தான் அணை. அதைவிட நல்லது, ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிலை. வந்த பகுதியை உடனே காட்டிவிடலாம்.

நிற்பதே இல்லை என்றால் பெரும்பாலும் கெடு வைக்காததுதான் காரணம். ஃபெட்சில் டைம் அவுட் என்று ஓர் ஆப்ஷனே கிடையாது. சர்வர் தொங்கிப்போனால் ப்ரவுசர் தன் போக்கில் வெகு நேரம் காத்திருக்கும், பயனரும் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அபார்ட் சிக்னல்.டைம் அவுட் என்பதற்கு 8000 என்று கொடுத்தால் எட்டு விநாடியில் அறுத்துவிடும். அப்போது வருவது டைம் அவுட் எரர், நாமே நிறுத்தினால் வருவது அபார்ட் எரர். பெயர் வேறாக இருப்பது வசதிதான். முதலாவதற்குப் பயனரிடம் 'மறுபடி முயலுங்கள்' என்று சொல்ல வேண்டும், இரண்டாவதற்கு எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டு சிக்னலும் வேண்டுமென்றால் அபார்ட் சிக்னல்.எனி இரண்டையும் ஒன்றாக்கித் தரும்.

அறிகுறி: நன்றாக இருந்த பயனர் திடீரென லாகவுட் ஆகிறார்

டேபைத் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்புகிறார். ஆக்சஸ் டோக்கன் (உள்நுழைந்தவர் என்பதற்கான தற்காலிகச் சீட்டு) காலாவதியாகியிருக்கிறது. பக்கம் ஐந்து கால்களை ஒன்றாக அனுப்புகிறது, ஐந்துக்கும் 401 (டோக்கன் செல்லாது என்ற விடை) வருகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக ரிஃப்ரெஷ் டோக்கனை (புதிய ஆக்சஸ் டோக்கன் வாங்கித் தரும் சீட்டை) எடுத்துக்கொண்டு ஓடுகிறது. ரிஃப்ரெஷ் டோக்கனை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தலாம் என்று வைத்திருக்கும் சர்வரில், முதலாவது வெற்றி பெறும், மற்ற நான்கும் செல்லாத டோக்கனைக் காட்டித் தோற்கும். சில சர்வர்கள் ஏற்கெனவே பயன்படுத்திய டோக்கன் மறுபடி வந்தால் திருட்டு என்று கருதி அந்தப் பயனரின் செஷனையே முடித்துவிடும். அதுதான் அந்தத் திடீர் லாகவுட்.

இதற்கு, புதுப்பிக்கும் வேலை ஒரு நேரத்தில் ஒன்றுதான் நடக்க வேண்டும், மற்றவை அதே பிராமிஸுக்காகக் காத்திருக்க வேண்டும்:

புதுப்பிப்பு = காலி

டோக்கனைப் புதுப்பி():
– புதுப்பிப்பு காலியாக இருந்தால், சர்வரைக் கேட்கும் பிராமிஸை அதில் வை. அது வென்றாலும் தோற்றாலும் முடிந்ததும் மறுபடி காலியாக்கு
– புதுப்பிப்பைத் திருப்பிக் கொடு

ஐந்து கால்களும் இதையே அவெயிட் செய்துவிட்டு, புதிய டோக்கனுடன் ஒருமுறை மட்டும் மறுபடி முயலட்டும். அந்த ஒருமுறை என்ற வரம்பு இல்லாவிட்டால், அனுமதியே இல்லாத கால் ஒன்று 401, புதுப்பிப்பு, 401 என்று முடிவில்லாமல் சுற்றும்.

இதைச் செய்தும் பிழை எப்போதாவது தலைகாட்டினால், பிந்தி வரும் 401-ஐச் சந்தேகியுங்கள். நான்கு கால்கள் புதுப்பிப்பை முடித்துவிட்டன, புதுப்பிப்பு மறுபடி காலி. ஐந்தாவது காலின் 401 இப்போதுதான் வருகிறது. அது பழைய டோக்கனுடன் போனது, ஆனால் நிரல் இன்னொரு புதுப்பிப்பைத் தொடங்குகிறது. தேவையே இல்லை. ஒவ்வொரு காலும் தான் எந்த டோக்கனுடன் போனது என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். 401 வந்ததும், தன் டோக்கனும் இப்போதைய டோக்கனும் வேறாக இருந்தால், புதுப்பிக்காமல் நேராக மறுபடி அனுப்பினால் போதும்.

பயனர் இரண்டு டேப்களைத் திறந்து வைத்திருந்தால் மாறியில் வைத்த பிராமிஸ் உதவாது, ஒரு டேபின் நினைவகம் இன்னொன்றுக்குத் தெரியாது. ப்ரவுசரின் வெப் லாக்ஸ் ஏபிஐ ஒரே தளத்தின் டேப்களுக்கு நடுவே பூட்டுப் போட உதவும். பூட்டு கிடைத்ததும் முதலில் சேமிப்பிலிருந்து டோக்கனை மறுபடி படித்துப் பாருங்கள், பக்கத்து டேப் ஏற்கெனவே புதுப்பித்திருக்கலாம்.

அறிகுறி: நிறைய கால்கள் போனால் 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்ற விடை) வருகிறது, அல்லது பாதிக் கால்கள் நகராமல் நிற்கின்றன

200 ஐடிகள், மேப், பிராமிஸ்.ஆல். எழுத அழகாக இருக்கும், ஆனால் 200 கால்களையும் ஒரே நொடியில் சர்வர் மேல் கொட்டுகிறோம். சர்வர் எச்டிடிபி/1.1 பேசினால், ப்ரவுசர் ஒரு ஹோஸ்டுக்கு 6 இணைப்புகள்தான் திறக்கும், மீதி வரிசையில் நிற்கும். அந்த வரிசையின் கடைசியில் பயனர் இப்போது அழுத்திய பட்டனுக்கான காலும் நின்றுகொண்டிருக்கும். எச்டிடிபி/2 என்றால் ஒரே இணைப்பில் நிறைய கால்கள் போகும், அப்போது அடி சர்வருக்கு, பதிலடி 429.

ஒரே நேரத்தில் நான்கைந்து மட்டும் ஓடும்படி கட்டுப்படுத்துங்கள். ஐந்து ஐந்தாகக் கட்டுக்கட்டாக அனுப்புவது எளிது, ஆனால் ஒவ்வொரு கட்டும் அதில் மெதுவான காலுக்காகக் காத்திருக்கும். அதைவிட ஐந்து வேலையாட்கள் மாதிரி ஐந்து அசிங்க் சுற்றுகளைத் தொடங்கி, ஒவ்வொன்றும் பொதுப் பட்டியலிலிருந்து அடுத்ததை எடுத்து, முடித்து, மறுபடி எடுக்கும்படி செய்தால் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள்.

429 வந்தால் உடனே மறுபடி தட்டாதீர்கள். ரிட்ரை ஆஃப்டர் என்ற ஹெடரில் சர்வரே காத்திருக்க வேண்டிய நேரத்தைச் சொல்லலாம். அதில் விநாடி எண்ணும் இருக்கலாம், தேதியும் இருக்கலாம், இரண்டையும் படிக்கத் தெரிய வேண்டும். நெட்வொர்க் டேபில் அந்த ஹெடர் தெரிகிறது, நிரலில் படித்தால் 'நல்' (மதிப்பு எதுவும் இல்லை) வருகிறது என்றால் ஏபிஐ வேறு ஆரிஜினில் (வேறு தள முகவரியில்) இருக்கிறது என்று அர்த்தம். கார்ஸ் விதிப்படி, சர்வர் எக்ஸ்போஸ் ஹெடர்ஸ் பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்தால்தான் ஜாவாஸ்கிரிப்டுக்குத் தெரியும். ஹெடரே இல்லையென்றால் 1, 2, 4 விநாடி என்று இரட்டித்துக்கொண்டே போங்கள், கூடவே கொஞ்சம் ரேண்டம் நேரம் சேருங்கள். சேர்க்காவிட்டால் ஒன்றாகத் தோற்ற கால்கள் எல்லாம் ஒன்றாகவே திரும்பி வந்து மறுபடி மோதும்.

அறிகுறி: ஒன்றாக வந்த விடைகளில் சில ஸ்டேட்டில் காணவில்லை

பத்துக் கால்கள், ஒவ்வொன்றும் வந்ததும் பட்டியலில் சேர்க்கிறது, கடைசியில் பட்டியலில் மூன்றுதான் இருக்கின்றன. ஒவ்வொரு காலும் தான் தொடங்கியபோது இருந்த பழைய பட்டியலை எடுத்து, அதில் தன்னைச் சேர்த்து எழுதுகிறது. நடுவில் மற்றவர்கள் சேர்த்தது அழிந்துபோகிறது. ரியாக்டில் செட் ஃபங்ஷனுக்குப் புதிய பட்டியலை நேராகக் கொடுக்காமல், முந்தைய பட்டியலை வாங்கிப் புதியதைத் தரும் ஃபங்ஷனைக் கொடுங்கள். தீர்ந்தது.

அறிகுறி: ஒரே கால் இரண்டு முறை போகிறது

முதலில் மெத்தட் பத்தியைப் பாருங்கள். ஒன்று ஆப்ஷன்ஸ் என்றால் அது கார்ஸுக்கான முன்விசாரணை, பிழை இல்லை. டெவலப்மென்டில் மட்டும் இரண்டு, புரொடக்‌ஷனில் ஒன்று என்றால் ரியாக்டின் ஸ்ட்ரிக்ட் மோட். 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து அது எஃபெக்டுகளை வேண்டுமென்றே ஒருமுறை ஓட்டி, க்ளீனப் செய்து, மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. அதை அணைத்துவிடாதீர்கள், உங்கள் க்ளீனப் சரியாக இருக்கிறதா என்று சோதித்துத் தரும் இலவசக் காவல் அது.

இரண்டு காம்பொனென்டுகள் ஒரே தரவைக் கேட்கின்றன என்றால், காலின் முகவரியை (யூஆர்எல்) சாவியாக வைத்து பிராமிஸையே ஒரு மேப்பில் (சாவியும் மதிப்புமாகச் சேமிக்கும் பட்டியலில்) சேமித்துப் பகிரலாம். இரண்டு எச்சரிக்கைகள். தோற்ற பிராமிஸை மேப்பிலிருந்து உடனே நீக்குங்கள், இல்லையென்றால் ஒருமுறை தோற்றது ரீலோட் செய்யும்வரை தோற்றுக்கொண்டே இருக்கும். அடுத்து, ரெஸ்பான்ஸைப் பகிராதீர்கள், படித்து முடித்த தரவைப் பகிருங்கள். ரெஸ்பான்ஸின் உடலை ஒருமுறைதான் படிக்க முடியும், இரண்டாவதாகப் படிக்கும் காம்பொனென்ட் எரருடன் விழும். டான்ஸ்டாக் க்வெரி போன்ற லைப்ரரிகள் இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. பெரிய பக்கம் என்றால் கையால் எழுதுவதைவிட அவற்றை எடுத்துக்கொள்ளவே சொல்வேன்.

இரண்டு முறை போவது போஸ்ட் கால் (சர்வரில் புதிதாக ஒன்றைப் பதியும் கால்) என்றால் விஷயம் தீவிரம். ஆர்டர் இரண்டாகப் பதிவாகிவிடும். பட்டனை முதல் க்ளிக்கிலேயே முடக்குங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். டைம் அவுட்டுக்குப் பிறகு மறுபடி முயலும் நிரலும் அதே இரட்டைப் பதிவை உண்டாக்கும். முதல் போஸ்ட் சர்வரில் வெற்றிகரமாக முடிந்து, விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். பயனர் படிவத்தைத் திறக்கும்போதே ஒரு தனி அடையாளத்தை உருவாக்கிக்கொண்டு, எத்தனை முறை முயன்றாலும் அதே அடையாளத்தை ஹெடரில் அனுப்புங்கள். அதே அடையாளம் மறுபடி வந்தால் புதிய ஆர்டர் போடாமல் பழைய விடையையே தர வேண்டும் என்று பேக் எண்டில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அபார்ட்டும் இங்கே காப்பாற்றாது. அபார்ட் நம் பக்கத்தில் காத்திருப்பதை நிறுத்தும், சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட வேலையைத் திரும்பப் பெறாது. ஆகவே பயனர் நடுவில் 'ரத்து' அழுத்தினால், ரத்தாகிவிட்டது என்று உடனே காட்டாதீர்கள். அந்த அடையாளத்தை வைத்து ஆர்டரின் நிலையைச் சர்வரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, வருவதைக் காட்டுங்கள்.